கறுத்த பிலிம் கெட்ட பிலிம்

கண்ணுக்குத் தெரியாத ஒன்றிடமிருந்து நாலாயிரம் மாலுமிகளைக் காப்பாற்ற வேண்டுமென்றால் முதலில் என்ன வேண்டும்? மேசை வேண்டும். எங்கள் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவுக்காகக் கப்பலேறிய முதல் சாமான் அதுதான். ஓக் மரம், பன்னிரண்டு இழுப்பறை. நாலு பேரால் முடியாமல் ஆறு பேர் சேர்ந்து தூக்கினோம். அளக்கும் கருவிகள் மூன்று வாரம் கழித்து உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு அடியில் வந்து சேர்ந்தன.

மேசைக்குரியவர் கமாண்டர் தாடியஸ் விங்ஃபீல்ட். போர் முழுவதையும் வர்ஜீனியாவில் ஒரு பண்டகசாலையில் சீருடைப் பொத்தான்களுக்குப் பொறுப்பாளராக இருந்தே முடித்தவர். நாலு வருஷத்தில் ஒரு பொத்தான்கூடக் காணாமல் போகவில்லை என்று பதக்கம் வாங்கியிருந்தார். போர் முடிந்த மறு வருஷம், பசிபிக்கில் ஒரு பவளத்தீவின் காயலில் எழுபது பழைய கப்பல்களை நங்கூரமிட்டு நிறுத்தி, நடுவில் அணுகுண்டை வெடித்துப் பார்ப்பது என்று கடற்படை முடிவு செய்தது. ஆட்கள் சேதமாகாமல் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு யார் என்று தேடினார்கள். பொத்தானைப் பத்திரமாக வைத்திருந்தவர் மாலுமியையும் வைத்திருப்பார் என்று யாரோ ஒரு புண்ணியவான் நினைத்துவிட்டான்.

நான் அவருடைய எழுத்தர். பெயர் ஆர்வில் டகெட், ஊர் நெப்ராஸ்கா. தட்டச்சில் நிமிடத்துக்கு எழுபது வார்த்தை தட்டுவேன். புகைப்படம் கழுவத் தெரியும் என்றும் படிவத்தில் எழுதித் தொலைத்திருந்தேன். அதனால் பிலிம் கழுவுவதும் என் தலையில் விழுந்தது.

முதலில் பயிற்சிப் பள்ளி நடந்தது. ஆறு நாள், மேல்தளத்தில், கொளுத்தும் வெயிலில். கமாண்டர் நிழலில் நின்று பேசினார்.

"தம்பிகளா, கதிர்வீச்சுக்கு நிறம் கிடையாது. வாசனை கிடையாது. ருசி கிடையாது. ஆக, அதப் பத்திப் புகார் பண்றதுக்கு உங்களுக்கு எதுவுமே கிடையாது."

பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. எமெட் க்ரோவ். ஆர்கன்சாஸ்காரன், கப்பலைத் தேய்த்துக் கழுவும் தேய்ப்புப் படையின் தலைவன், தோள் இரண்டும் கதவகலம். எனக்கு ஒரே நண்பன்.

"சார், அது நம்ம மேல பட்டிருக்குன்னு எப்படித் தெரியும்?"

"நாங்க சொல்லுவோம்."

"நீங்க சொல்லலேன்னா?"

"அப்பப் படலேன்னு அர்த்தம். உக்காரு."

கடைசி நாள் தேர்வு. இருபது கேள்வி, இருபதுக்கும் ஒரே விடை: 'மேலதிகாரியிடம் தெரிவிப்பேன்.' எமெட் ஒன்பதாவது கேள்விக்கு 'ஓடுவேன்' என்று எழுதி, ஒரு மதிப்பெண்ணை இழந்தான்.

அடுத்து ஒத்திகை. கதிர்வீச்சுத் தூசி கைவசம் இல்லாததால் சமையல்கட்டிலிருந்து நாற்பது மூட்டை கோதுமை மாவைக் கொண்டுவந்து ஒரு கப்பல் முழுக்கத் தூவினார்கள். எமெட்டின் ஆட்கள் முப்பது பேர் துடைப்பமும் குழாயுமாக இறங்கினார்கள். இருபது நிமிடத்தில் தளம் பளபளத்தது. கமாண்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னிடம், "எழுதிக்கோ. ஒரு கப்பல சுத்தம் பண்ண இருபது நிமிஷம். எழுபது கப்பலுக்கு ஒரே நாள்" என்றார்.

"சார், அது மாவு சார்," என்றான் எமெட்.

"அது ஒத்திகை. ஒத்திகைல ஜெயிச்சவன் போர்ல தோத்ததா சரித்திரம் இருக்கா?"

சரித்திரம் தெரிந்த யாரும் அங்கே இல்லை. திட்ட அறிக்கையில் இருபது நிமிடம் என்று நானே தட்டினேன். மூன்று நாள் எங்களுக்கு ரொட்டி கிடைக்கவில்லை.

குண்டு தண்ணீருக்கடியில் வெடித்தது. கடல் சுவர்போல் எழுந்து நின்றது, பிறகு எழுபது கப்பல்மேலும் மொத்தமாக விழுந்தது. நாங்கள் பத்து மைல் தள்ளி நின்று கைதட்டினோம். வாத்தியக்குழு வாசித்தது. மறுநாள் காலை எமெட்டின் படகு, கார்வர் என்கிற பழைய போர்க்கப்பலுக்குப் போனது. கையில் துடைப்பம், குழாய், திட்ட அறிக்கையின் நகல் ஒன்று.

கதிர்வீச்சை அளக்கும் கருவியை நாங்கள் டிக்டிக் பெட்டி என்போம். கார்வரின் தளத்தில் வைத்ததும் அது டிக் டிக் என்று சொல்லாமல் மழை பெய்வதுபோல் இரைந்தது. இருபது நிமிடம் தேய்த்தார்கள். இரைந்தது. இரண்டு மணி நேரம் தேய்த்தார்கள். அப்போதும் இரைந்தது.

கமாண்டருக்குத் தகவல் போனது. கடற்படையில் ஒரு நம்பிக்கை உண்டு: உலகத்தில் எந்தக் கோளாறும் போதுமான அளவு தேய்க்காததால் வருவது. அவர் சோப்பு அனுப்பினார். பிறகு காஸ்டிக் சோடா. பிறகு யாரோ சொன்னார்கள் என்று அரைத்த தேங்காய்ச் சிரட்டை. அதன்பின் காப்பித்தூள், பார்லி, அரிசி. சமையல்காரர் எங்கள் பிரிவின் வாசலில் வந்து நின்று, "ஐயா, உங்க கப்பல் என்ன சாப்பிடும்னு ஒரேயடியா சொல்லிடுங்க, சமைச்சே அனுப்பிடறேன்" என்று கும்பிட்டார். அரை டிரவுசரும் வெற்று மார்புமாக அந்தக் கஞ்சியில் மண்டியிட்டு, எமெட்டின் ஆட்கள் பதினெட்டு நாள் தேய்த்தார்கள். மதியச் சாப்பாட்டையும் அந்தத் தளத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். படகு இரண்டு நடை போனால் எண்ணெய் வீண் என்று உத்தரவு.

பெட்டியின் இரைச்சல் ஆட்களின் மன உறுதியைக் குலைக்கிறது என்றார் கமாண்டர். அன்றிலிருந்து தேய்க்கும் நேரத்தில் பெட்டியை அணைத்து வைத்தோம்.

மிச்சம் இருந்தது பேட்ஜ் மட்டும். தீப்பெட்டி அளவு தகர உறை, உள்ளே ஒரு துண்டு பிலிம். கதிர்வீச்சு பட்டால் பிலிம் கறுக்கும். எவ்வளவு கறுப்போ அவ்வளவு அளவு; அதை அவனவன் பெயரிலுள்ள அட்டையில் பதிய வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்தில் ஒரு பங்கு அலகுக்கு மேல் படக்கூடாது என்று எங்கள் கையேடே சொன்னது. பேட்ஜ் முப்பது பேருக்கு ஒன்றுதான் இருந்தது. மற்ற இருபத்தொன்பது பேரும் போட்டிருப்பவனுக்குப் பக்கத்தில் நின்றுகொள்ள வேண்டும்.

முதல் நாள் எமெட்டின் பிலிமைக் கழுவினேன். நிலக்கரித் துண்டுபோல் வந்தது. கணக்குப் போட்டால் மூன்று புள்ளி எட்டு அலகு. ஒரே பகலில் முப்பத்தெட்டு நாள் பங்கு. ஈரம் சொட்டச் சொட்டக் கமாண்டரிடம் கொண்டு ஓடினேன்.

அவர் அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "டகெட், இதுல என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல சார். முழுக்கக் கறுப்பு."

"ஒண்ணும் தெரியாத படத்த உங்க ஊர்ல என்னன்னு சொல்லுவாங்க?"

"கெட்டுப்போன படம்னு சொல்லுவாங்க சார்."

"பாத்தியா. நீயே சொல்லிட்ட."

அன்று மாலை பதினேழாம் உத்தரவு வந்தது. அதைத் தட்டியது இந்தக் கைதான்: 'கறுத்த பிலிம் கெட்ட பிலிம். கெட்ட பிலிமுக்கு அளவு கிடையாது. அளவு இல்லாத இடத்தில் பூஜ்யம் என்று குறிக்கவும். இந்த உத்தரவு எக்காலத்துக்கும் செல்லும்.' கூடவே ஒரு ரப்பர் முத்திரை. நடுவில் பெரிய பூஜ்யம், கீழே கமாண்டரின் கையெழுத்து, சுழியும் வாலுமாக.

எமெட் அன்றைக்கே என் அறைக்கு வந்தான். கை முழங்கைவரை காஸ்டிக் சோடாவில் வெந்து சிவந்திருந்தது.

"என் நம்பர் என்னடா?"

சொன்னேன்.

"அட்டைல எழுதிட்டியா?"

உத்தரவைக் காட்டினேன். அவன் உதடு அசைய இரண்டு தடவை படித்தான். பிறகு என் கட்டிலில் உட்கார்ந்தான்.

"எங்கப்பன் ஈயச் சுரங்கத்துல வேல பாத்தாரு. நெஞ்சு அடச்சுப் போச்சு. ஆஸ்பத்திரில கேட்டாங்க, சுரங்கத்துல தூசி இருந்துச்சுன்னு காகிதம் இருக்கான்னு. கம்பெனிக்காரன் எழுதியிருந்தான், எங்க சுரங்கத்துல தூசியே இல்லன்னு. காகிதம் இல்லாமத்தாண்டா செத்தாரு. எனக்குக் காசு வேணாம், பதக்கம் வேணாம். அந்த மூணு புள்ளி எட்ட மட்டும் அட்டைல எழுதுடா. நாளைக்கு எனக்கு ஏதாவது ஒண்ணு ஆனா டாக்டர் பாக்கணும்ல?"

"எழுதினா என்னை ராணுவக் கோர்ட்டுல நிறுத்துவாங்க எமெட்."

"என்னைத் தினம் கார்வர்ல நிறுத்தறாங்களே?"

அவன் போனபிறகு முத்திரையை எடுத்து அவன் அட்டையில் குத்தினேன். பதினெட்டு நாளும் குத்தினேன். உண்மை எண்களைச் சமையல்கட்டுப் பட்டியல் ஒன்றின் பின்பக்கம் பென்சிலால் எழுதி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். கோழையின் வீரம் அவ்வளவுதான்.

இந்தச் சமயத்தில்தான் கமாண்டருக்குச் சாம்பல் கிண்ணம் தேவைப்பட்டது.

கார்வரின் பெரிய பீரங்கிகளுக்கு வாய்மூடிகள் உண்டு. கனத்த பித்தளை, நடுவே கப்பலின் சின்னம். கவிழ்த்து வைத்தால் சுருட்டு அணைக்கத் தோதான குழி. பாதுகாப்பு வெற்றியின் நினைவாக ஒன்று தன் மேசைக்கு வேண்டும் என்றார். எமெட்டே கழற்றி, எலுமிச்சையும் சாம்பலும் போட்டுத் துலக்கிக் கொண்டுவந்தான். பொன் மாதிரி மின்னியது. நான் டிக்டிக் பெட்டியை எடுத்துவந்து அதன்மேல் பிடித்தேன். பெட்டிக்குள் மழை பெய்தது.

"சார், இது சத்தம் போடுது சார்," என்றான் எமெட்.

"எது சத்தம் போடுது? பித்தளையா, பெட்டியா?"

"பெட்டி சார்."

"அப்ப பெட்டிய அணை."

நான் அணைத்தேன். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. மேலதிகாரியிடம் தெரிவிப்பேன் என்பதுதானே இருபது கேள்விக்கும் விடை. கமாண்டர் அதில் முதல் சுருட்டை அணைத்தார். அவருடைய சொந்த பேட்ஜ் பக்கத்திலேயே மேசை விளக்கில் தொங்கியது. சட்டையில் குத்தினால் துணி ஓட்டையாகும் என்று அங்கேயே மாட்டி வைத்திருந்தார்.

சாம்பல் கிண்ணம் இருந்த இடத்துக்கு நேர் கீழே மேல் இழுப்பறை. அதில்தான் புதிய பேட்ஜ்கள் எல்லாம். பாதுகாப்பான இடத்தில் வைக்க வேண்டும் என்று கையேடு சொன்னது, தன் மேசையைவிடப் பாதுகாப்பான இடம் கப்பலில் இல்லை என்று கமாண்டர் சொன்னார். ஐந்து நாள் கழித்து, பிலிம் கழுவும் மருந்து சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அதிலிருந்து யாரும் அணியாத ஒரு பேட்ஜை எடுத்துக் கழுவினேன். கறுப்பு.

அதே காலையில்தான் செய்தி வந்தது. மறுவாரம் வாஷிங்டனிலிருந்து ஐந்து செனட்டர்கள் வருகிறார்கள். கமாண்டர் கையைத் தேய்த்துக்கொண்டார். "டகெட், அஞ்சு பேருக்கும் ஆளுக்கொரு பேட்ஜ். சாப்பாடு முடிஞ்சதும் அவங்க கண்ணு முன்னாடியே கழுவிக் காட்டற. பால் மாதிரி வெள்ளையா வரும். நம்ம பிரிவு எப்பேர்ப்பட்டதுன்னு அவங்களுக்கே புரியும். பேட்ஜ் என் இழுப்பறைல இருக்கு, எடுத்துக்கோ."

நான் சொல்லியிருக்கலாம். வாய் திறந்தால் போதும், அரை நிமிட வேலை. சொல்லவில்லை. இன்றுவரை அதற்காக ஒரு வினாடிகூட வருத்தப்பட்டதில்லை.

செனட்டர்கள் வந்தார்கள். வெள்ளை உடுப்பு, பனாமா தொப்பி. உணவறையை விட்டு ஒரு அடி வெளியே போகவில்லை. நண்டு சாலட், வறுத்த வாத்து. கேக்கை வெடித்து எழும் கடல் வடிவத்தில் செய்திருந்தார்கள். கமாண்டர் எழுந்து பேசினார்.

"மதிப்புக்குரிய ஐயாமார்களே! நாலாயிரம் பேர், அட்டையெல்லாம் பூஜ்யம். இந்த மாதிரி பூஜ்யம் உலகத்துல வேற எந்தக் கடற்படையாலயும் காட்ட முடியாது. எங்க ஆளுங்க ஒருத்தர்கூட இதுவரைக்கும் எங்கிட்ட வந்து ஆபத்துன்னு சொன்னதில்ல. சொல்லக் கூடாதுன்னு உத்தரவு போட்டது எவ்வளவு சரின்னு இதுலேர்ந்தே தெரியுது."

பலத்த கைதட்டல். நான் ஐந்து பேட்ஜையும் வாங்கிக் கழுவி, தட்டில் வைத்து, கேக்குக்குப் பக்கத்தில் நீட்டினேன். ஐந்தும் கறுப்பு.

ஓக்லஹோமாவிலிருந்து வந்த செனட்டர் பர்டெட், பீப்பாய்போல் ஒரு மனிதர், தன் பிலிமை வெளிச்சத்தில் பிடித்தார். "கறுப்புன்னா நல்லதா?"

"நீங்க உள்ள வந்து ரெண்டு மணி நேரத்துல நாலு அலகு வாங்கியிருக்கீங்க ஐயா," என்றேன் பணிவாக. "நாப்பது நாள் பங்கு."

கமாண்டர் துள்ளி எழுந்தார். "கெட்ட பிலிம்! ஐயா, கறுத்த பிலிம் கெட்ட பிலிம்!"

"அஞ்சுமா?"

"அஞ்சும்தான்!"

"யோவ், இப்பத்தான நாலாயிரம் பேருக்கு இதே பிலிம வெச்சு சத்தியம் பண்ணின? உன் பிலிம் நல்லதுன்னா எனக்கு ஆபத்து. கெட்டதுன்னா உன் பேச்சு மொத்தமும் பொய். எதுன்னு சொல்லித் தொலை!"

கமாண்டர் பிலிம் தட்டைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தார். அதற்குள் நான் கையேட்டைப் பிரித்து, கூட்டத்துக்குக் கேட்கும்படி வாசித்தேன். அளவு மீறியவர் எந்தப் பதவியில் இருந்தாலும் உடனே மேல்தளத்துக்குக் கொண்டுபோய், உடை முழுவதையும் களைந்து, தேய்ப்புப் படையிடம் ஒப்படைக்க வேண்டும். கீழே கமாண்டரின் கையெழுத்து, சுழியும் வாலுமாக.

எமெட் தயாராக நின்றான். கையில் தளம் தேய்க்கும் பிரஷ், பக்கத்தில் சோப்பு, சிரட்டைத்தூள், பார்லி. விருந்தாளிகள் மேலே வந்தால் வாசிக்க வேண்டும் என்று வாத்தியக்குழுவுக்கு உத்தரவு இருந்தது, அதனால் வாசித்தார்கள். ஐந்து செனட்டர்கள் பிறந்த மேனியாக வரிசையில் நின்றார்கள். எழுநூறு மாலுமிகள் விறைத்து நின்று வணக்கம் வைத்தார்கள். ஒருவன்கூடச் சிரிக்கவில்லை, அந்தக் கட்டுப்பாட்டை அதற்கு முன்னும் பின்னும் எந்தக் கடற்படையிலும் நான் பார்த்ததில்லை.

"கையத் தூக்குங்க ஐயா," என்றான் எமெட். "எங்க ஊர்ல சந்தைக்குக் கொண்டுபோற பன்னிய இப்படித்தான் தேய்ப்போம். அது இவ்வளவு கத்தாது."

"எவ்வளவு நேரம்டா தேய்ப்ப?"

"திட்டத்துல இருபது நிமிஷம்னு போட்டிருக்குங்க. நாங்க பதினெட்டு நாள் தேய்ச்சோம், போகல."

இரண்டு மணி நேரத்தில் செனட்டர்கள் விமானம் ஏறினார்கள். மறுநாளே, வெடிக்கத் திட்டமிட்டிருந்த அடுத்த குண்டு ரத்தானது. கார்வரையும் கூட்டாளிகளையும் இழுத்துப் போய் ஆழ்கடலில் மூழ்கடித்தார்கள். எமெட் கார்வரில் தேய்த்ததற்கு யாரும் நிறுத்தாத சோதனை, பர்டெட்டின் முதுகைத் தேய்த்ததும் நின்றது.

விசாரணை வந்தது. கமாண்டர் புத்திசாலித்தனமாக எழுதிக் கொடுத்தார்: என் மேசை சுத்தம், என் பிரிவு சுத்தம், அங்கே கறுத்த ஒவ்வொரு பிலிமும் கெட்ட பிலிம், என்னுடையது உட்பட. அவருடைய விளக்குப் பேட்ஜையும் அன்று கழுவினேன். பத்தொன்பது அலகு. அவர் பார்த்தார். முகம் வெளிறியது. பேனாவை எடுத்து அதன் நேரே 'கெட்டது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டார். ஆறு மாதத்தில் பதவி உயர்வு.

எமெட்டுக்கு உயர்வு இல்லை. பதினோரு வருஷம் கழித்து ரத்தத்தில் வியாதி வந்தது. கதிர்வீச்சு பட்டவர்களுக்கென்று ராணுவ மருத்துவமனையில் தனி வார்டு இருந்தது. உள்ளே சேர அட்டையில் எண் வேண்டும். அவன் அட்டையில் பதினெட்டு பூஜ்யம். நான் அந்தச் சமையல் பட்டியலை அனுப்பினேன்; கோர்ட்டு, ஜெயில் எது வந்தாலும் வரட்டும் என்று கையெழுத்துப் போட்டே அனுப்பினேன். பென்சிலில் எழுதியது செல்லாது என்று திருப்பி அனுப்பினார்கள். தபால் வந்த அன்று எமெட்டை அடக்கம் செய்து நாலு நாள் ஆகியிருந்தது. அவனுக்கு வயது முப்பத்தாறு.

அதற்கப்புறம்தான் நான் எழுதிப் போட்டு ஆவணக் காப்பகத்தில் வேலை வாங்கினேன். அந்தச் சோதனையின் அட்டைகள் எல்லாம் அங்கேதான் இருந்தன. முத்திரையும் இருந்தது. கடற்படை எதையும் தூக்கிப் போடாது. ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து காத்திருந்தேன். ஆறு வருஷம் காத்திருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஒரு கிழவர் ஜன்னலுக்கு வந்தார். வலது கையில் இரண்டு விரல் இல்லை. சுருட்டு பிடிக்கும் விரல்கள்.

"அட, டகெட்! நம்ம டகெட்! கடவுளாப் பாத்து உன்ன இங்க உக்கார வெச்சிருக்காருப்பா."

"ஆமா சார். நானும் அப்படித்தான் நெனச்சேன்."

"தனி வார்டுல சேரணும். அட்டைல நம்பர் கேக்கறானுங்க. என் பேட்ஜ நீதான கழுவின? பத்தொம்பது. நீயே உன் கண்ணால பாத்தியே!"

"பாத்தேன் சார்."

"அத எழுதிக் குடு போதும். ஒரே ஒரு நம்பர்."

"சார், எமெட் க்ரோவ ஞாபகம் இருக்கா?"

அவர் கண்ணைச் சுருக்கி யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், அதை மறுக்க மாட்டேன். "யாரு அது? பேண்டு வாசிப்பானே, அவனா?"

"இல்ல சார். உங்க சாம்பல் கிண்ணத்தத் துலக்கிக் குடுத்தவன்."

"ஆ, அந்தக் கிண்ணம்! வீட்லதான் இருக்கு. இன்னும் பொன்னு மாதிரி மின்னுது." சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எழுதிடுப்பா. காகிதம் இல்லாம என்னச் சாக விட்டுடாத."

கோப்பை எடுத்துப் பிரித்தேன். பிலிம் இருந்தது, கன்னங்கறேலென்று. அதன் நேரே அவர் கையெழுத்து. அடியில் பதினேழாம் உத்தரவு, எக்காலத்துக்கும் செல்லும் என்ற வரியோடு. எல்லாவற்றையும் அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அவர் படித்தார், உதடு அசைய, இரண்டு தடவை.

"இதுல என்ன தெரியுது சார்?" என்று பிலிமை வெளிச்சத்தில் பிடித்தேன்.

அவர் பிலிமைப் பார்க்காமல் தன் கையெழுத்தையே பார்த்தார். நான் முத்திரையை மையில் நன்றாக ஒற்றி எடுத்தேன். எமெட்டின் அட்டையில் குத்திய அதே முத்திரை. பூஜ்யம் வட்டமாக, ஒரு இடத்திலும் மை விடாமல் விழுந்தது. கீழே அவருடைய கையெழுத்து, சுழியும் வாலுமாக.

அட்டையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன். "மை காயல சார். ஓரமாப் புடிச்சுக்குங்க."